மழையா, வண்டியா, ஓட்டா? திருப்பாப்புலியூர் ரயில் பெஞ்சுக்குப் புதிதாக வருபவர்களின் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் சாயங்காலமானால் ஒரு பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம். யாரும் எங்கேயும் போகப் போவதில்லை, வண்டி பார்க்க வந்தவர்கள். பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். பேச்சு முடியாமல் இரண்டாவது டிக்கெட் எடுத்தவர்களும் உண்டு. புதிதாக வந்து சேரும் தம்பிகள், தங்கைகள், ஒன்றிரண்டு ரிட்டயர்டு சார்கள் எல்லோரும் முதல் வாரத்தில் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

ரயில் பாக்க வந்தவங்க ஏன் எப்பப் பாத்தாலும் மழையைப் பத்தியே பேசறீங்க?

எங்களுக்கு மழைதான் டைம் டேபிள். கடலூர், புதுச்சேரி பக்கம் வருடத்து மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டித் தீர்த்துவிடும். தீபாவளி கூட்டம், சபரிமலை கூட்டம், பொங்கல் முன்பதிவு எல்லாம் அதே மாதங்களில்தான். ஆகவே "விக்கிரவாண்டில தண்ணி எப்படி?" என்று ஒருவர் கேட்டால் அவர் விவசாயத்தை விசாரிக்கவில்லை, சென்னை வண்டி வருமா என்று கேட்கிறார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை எட்டரை வரையான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. புயல் போய்விட்டது, இனி வண்டி ஓடும் என்று நினைத்தோம். டிசம்பர் 2 காலையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டி ஓடியது. தெற்கிலிருந்து சென்னை போகும் வண்டிகள் பாதியில் நின்றன, ரத்தாயின, சில காட்பாடி வழியாகச் சுற்றிப் போயின. மழை பெய்த நாளைவிட, பெய்து ஓய்ந்த மறுநாள்தான் ரயிலுக்கு மோசம் என்பதை அன்று எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். மேற்கே பெய்த தண்ணீர் இங்கே வந்து சேர ஒரு நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

கடலூர்னு டிக்கெட் போட்டா எங்க இறக்கி விடுவாங்க?

சரியான கேள்வி. இதில் ஏமாந்தவர்கள் ஏராளம், நானும் ஒருவன். சென்னையிலிருந்து வந்த மாமாவை அழைக்க ஒரு ஸ்டேஷனில் நின்றேன், அவர் இன்னொன்றில் இறங்கி எனக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஊரில் பெரிய நிலையங்கள் இரண்டு. கடலூர் துறைமுகம் சந்திப்பு முதுநகரில் இருக்கிறது. பழைய ஆட்கள் ஓ.டி. என்பார்கள். குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும் பாதை அங்கேதான் பிரிகிறது. திருப்பாதிரிப்புலியூர் நிலையம் புதுநகர்ப் பக்கம், பேருந்து நிலையத்துக்கும் பாடலீஸ்வரர் கோயிலுக்கும் கிட்டே. இதன் குறியீடு டிடிபிஆர், துறைமுகத்துக்கு சியுபிஜே. வெளியூர்க்காரர்களுக்கு இந்த நீளப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கவே பாதி வண்டி போய்விடும், நமக்கோ அது திருப்பாப்புலியூர். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டும் கரையேறி வந்த ஊர் இது என்பதால், வெள்ளம் வந்தால் "கல்லே மிதந்த ஊருய்யா" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சிரித்துவிடுங்கள், வாராவாரம் சொல்கிறார்.

புதுச்சேரியிலேர்ந்து வர்ற அண்ணன் ஏன் பஸ்ல வர்றார்? ரயில் ரசிகர்தானே?

அவரை இப்படிக் கேட்டால் அரை மணி நேரம் போய்விடும், ஆகவே நான் சொல்லிவிடுகிறேன். சாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இருபது சொச்சம் கிலோமீட்டர். ரயிலில் வர வேண்டுமென்றால் புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் 38 கிலோமீட்டர், அங்கே வண்டி மாறி பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாக இங்கே. 80 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். இரண்டு ஊருக்கும் நடுவில் நேர்ப் பாதையே கிடையாது.

புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் வந்துவிட்டது. அப்போது அது பிரெஞ்சு ஊர், விழுப்புரம் ஆங்கிலேயர் ஊர். 1954 வரை அந்தப் பாதையில் போவது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதுதான், சுங்கச் சோதனை உட்பட. இப்போது எல்லைச் சோதனை இல்லை, ஆனாலும் எங்களைப் பார்க்க விழுப்புரம் சுற்றி வர அவர் தயாரில்லை.

மெயின் லைன்னு சொல்றீங்க, ஆனா ஒத்தைப் பாதையா இருக்கே?

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு வழி. கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழி மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழி கார்டு லைன். மெயின் லைன்தான் மூத்தது. கார்டு லைன் 1920-களின் கடைசியில் குறுக்கு வழியாக வந்தது. தம்பி இரட்டைப் பாதை போட்டுக்கொண்டு வேகமாக ஓடுகிறான், அண்ணன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இன்னும் ஒற்றைப் பாதையில் நிற்கிறான்.

அதனால்தான் எங்கள் பேச்சில் 'கிராசிங்' என்ற சொல் அடிக்கடி வரும். எதிர்வண்டிக்காக ஒரு வண்டியை ஸ்டேஷனின் பக்கப் பாதையான லூப் லைனில் ஒதுக்கி நிறுத்துவது. "உழவன் எங்க?" (சென்னை தஞ்சாவூர் எக்ஸ்பிரஸின் பெயர்) என்றால் "பரங்கிப்பேட்டைல கிராசிங்" என்று பதில் வரும். மீட்டர் கேஜை அகலப்படுத்துவதற்காக விழுப்புரம் மயிலாடுதுறைப் பாதையை மூடி, 2010-ல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த வருடங்களில் இந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று கேள்வி.

"தண்ணி தொட்டுடுச்சா?"ன்னு போன்ல கேக்கறாங்களே, எதைத் தொடணும்?

பாலத்தின் தூணைப் போய்ப் பாருங்கள். முக்கியமான பாலங்களில் எல்லாம் அபாய அளவு பெயின்டில் குறித்திருக்கும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். இறங்கிய பிறகும் உடனே விட மாட்டார்கள். அடிமண் அரித்திருக்கிறதா, மண்மேடு உட்கார்ந்திருக்கிறதா என்று பொறியாளர்கள் பார்த்து, பிறகு ஆள் நடக்கும் வேகத்தில் முதல் வண்டியை அனுப்புவார்கள். அப்படி வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடுக்கும் சீட்டுக்குப் பெயர் 'காஷன் ஆர்டர்'. மழைக்காலத்தில் வண்டி தாமதமானால் பாதிக் காரணம் இந்தச் சீட்டுதான்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பெஞ்சில் உட்காரும் ஒரு முன்னாள் கீமேன், அதாவது தண்டவாளத்தை நடந்து பார்க்கும் ரயில்வே ஊழியர். மழை ராத்திரியில் கையில் விளக்கு, பையில் தண்டவாளத்தில் கட்டும் வெடிகள், தலையில் சாக்கு. இவ்வளவுதான். ஒரு ஸ்டேஷன் பக்கம் நடந்து, எதிரே வரும் ஆளைச் சந்தித்துத் திரும்ப வேண்டும். பாதை அறுந்திருந்தால் ஓடிப்போய்த் தூரத்தில் வெடியைத் தண்டவாளத்தில் கட்ட வேண்டும். சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். "எத்தனை தடவை கட்டினீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு தடவைகூட இல்ல. அதான் நிம்மதியாத் தூங்கறேன்" என்றார்.

கூண்டு நம்பர் சொல்றாங்களே, பெரிய நம்பர்னா பெரிய புயலா?

பாதி சரி. கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை. 1, 2 என்றால் புயல் தொலைவில், கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5 முதல் அபாயம்.

இங்கேதான் எல்லோரும் குழம்புவார்கள். 5, 6, 7 மூன்றுக்கும் புயலின் பலம் ஒன்றுதான், கடக்கும் பக்கம்தான் வேறு. புயல் போகும் பாதைக்கு இடது பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலது பக்கம் என்றால் 6, துறைமுகத்தின் தலைக்கு மேலேயோ மிக அருகிலோ என்றால் 7. இதே கணக்கு கடும் புயலுக்கு 8, 9, 10. பதினொன்று ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஆகவே "அஞ்சு ஆறாயிடுச்சு, புயல் பலமாயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். கீமேன் சார் எதுவும் சொல்ல மாட்டார், திரும்பி ஒரு பார்வை மட்டும் பார்ப்பார்.

காத்து அடிச்சா வண்டி நிக்குமா?

பாம்பனில் நிற்கும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தார்கள். ராமேஸ்வரம் போட் மெயில் நம்ம ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறது, ஆகவே பாம்பன் காற்று எங்களுக்கும் உள்ளூர்ச் செய்திதான்.

வெயில் காலத்துல என்ன பேசுவீங்க? பேச ஒண்ணும் இருக்காதே.

அக்னி நட்சத்திரத்தில் தண்டவாளம் நீளும். அந்தக் காலத்தில் துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டிருப்பார்கள், 'டடக் டடக்' என்று சத்தம் வரும். இப்போது கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்துவிடுகிறார்கள், அந்தச் சத்தம் போயே போய்விட்டது. நீள இடமில்லாத இரும்பு வெயிலில் நெளிந்துவிடக் கூடாது என்று மதியத்தில் ஆள் நடந்து பார்ப்பார்கள். அப்புறம் பண்ருட்டிப் பலாப்பழம் எந்த வண்டியில் மணக்கிறது என்ற ஆராய்ச்சி உண்டு. மே மாதத்துக்கு இது போதும்.

ஸ்டேஷன்ல உட்கார்ந்து அரசியல் பேசலாமா? சண்டை வராதா?

தேர்தல் பேசலாம், கட்சி பேசக் கூடாது. இது எங்கள் பெஞ்சின் ஒரே சட்டம். "யாருக்குப் போட்டீங்க?" என்று யாரும் யாரையும் கேட்க மாட்டோம். எங்களுக்குக் கொடி என்றால் வண்டிக் கடைசியில் நிற்கும் கார்டு கையிலிருக்கும் பச்சையும் சிவப்பும்தான். (கார்டுக்கு இப்போது 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், வாயில் வரவில்லை.)

எத்தனை சதவீதம் பதிவானது, சென்னையிலிருந்து ஓட்டுப் போட வருபவர்களுக்குச் சிறப்பு வண்டி உண்டா, எந்த ரேக் (பெட்டித் தொகுதி) அதற்குப் போகும், எந்த ஸ்டேஷனில் நின்று போகும் என்பதெல்லாம் தாராளமாகப் பேசலாம். முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தேர்தல் தேதி அறிவித்த அன்றைக்கே கைப்பேசியை எடுப்பவர் எங்களில் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் கடலூர்க்காரர்கள். சென்னையில் இருக்கும் பிள்ளைகளுக்காக.

ரயிலுக்கும் தேர்தலுக்கும் என்னங்க சம்பந்தம்? சும்மா இழுக்கறீங்க.

அரியலூர் கதையைச் சொல்கிறேன். 1956 நவம்பர் 23, விடிவதற்கு முன். சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ், மேலே சொன்ன கார்டு லைனில் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. பெரு மழை, ஆறு பாலத்தின் அடிமண்ணை அரித்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இதைப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். புத்தகத்தில் வராத பாதி தமிழ்நாட்டில் நடந்தது. துணை அமைச்சராக இருந்தவர் நம் மாநிலத்தைச் சேர்ந்த ஓ.வி. அழகேசன். சில மாதத்தில் 1957 பொதுத்தேர்தல். திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முறையாகப் போட்டியிட்ட தேர்தல் அது. "அரியலூர் அழகேசா, ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா" என்று ஊர் ஊராக முழக்கம் போட்டார்கள்.

எங்கள் பெஞ்சின் மூத்தவருக்கு அப்போது ஒன்பது வயது. முழக்கம்தான் நினைவிருக்கிறது, விபத்து நினைவில் இல்லை என்கிறார். ஒரு ராத்திரி மழை, ஒரு பாலம், ஒரு வண்டி, அப்புறம் ஒரு தேர்தல். நாங்கள் மழை, வண்டி, ஓட்டு மூன்றையும் கலந்து பேசுகிறோம் என்று குறை சொல்பவர்களுக்கு இதற்கு மேல் என்னிடம் பதிலில்லை. மழைக்காலத்தில் ராத்திரி ரோந்துக்கு எவ்வளவு மதிப்பு என்று கீமேன் சார் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள், அதற்கும் இந்தக் கதைதான் காரணம்.

தேர்தல் வந்தா புது ரயில் வரும்ங்கறாங்களே, நிஜமா?

தேர்தலுக்கு முன்னால் அறிவிப்பு வரும். தேதி அறிவித்து நன்னடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் புது வண்டி அறிவிக்க முடியாது, கொடியசைக்க முடியாது. அதனால் தேதி வருவதற்கு முந்தைய வாரங்களில் கொடியசைப்பு விழாக்கள் வரிசை கட்டும். கூட நிற்கும் 'பரீட்சார்த்த நிறுத்தம்' என்பதையும் கவனியுங்கள். ஒரு வண்டியை ஒரு ஊரில் சில மாதத்துக்கு நிறுத்திப் பார்ப்பது. வசூல் இல்லையென்றால் எடுத்துவிடலாம். நன்றி சொல்லும் பேனர் மட்டும் அங்கேயே இருக்கும்.

புதுப் பாதைக்கு வேறு கணக்கு. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு சுமார் 180 கிலோமீட்டர் கடலோரப் பாதை என்று பல தேர்தலாகப் பேசுகிறார்கள். அது வந்தால் புதுச்சேரி அண்ணன் பஸ்ஸை விட்டுவிடுவார், ஆனால் இன்னும் வந்தபாடில்லை. ஆகவே மேடையில் சொன்னதைப் பெஞ்சில் சொல்லாதீர்கள், பட்ஜெட்டுக்குப் பிறகு வரும் 'பிங்க் புக்'கில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். ஒரு பாதைக்கு நேரே 1,000 ரூபாய் என்று போட்டிருந்தால் அது வேலைக்கான பணமல்ல. திட்டம் செத்துவிடாமல் பெயரை மட்டும் ஏட்டில் வைத்திருக்கிறார்கள். தனி ரயில்வே பட்ஜெட் 2017-ல் பொது பட்ஜெட்டோடு சேர்ந்ததிலிருந்து இதைத் தேடிப் படிப்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

புதுச்சேரி அண்ணனும் கடலூர்க்காரங்களும் தேர்தல் பேசினா ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குப் புரியலையே?

அளவு வேறு. தமிழ்நாட்டில் 234 தொகுதி, ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கில் வாக்காளர்கள். புதுச்சேரியில் தேர்ந்தெடுக்கும் இடம் 30, ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்தைச் சுற்றி. நாம் 'அலை' என்று பேசுவோம், அவர் தெருப் பெயரும் குடும்பப் பெயரும் சொல்வார். அங்கே சில நூறு ஓட்டு என்பது பெரிய விஷயம்.

ரயிலிலும் அவர்கள் கதை தனி. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் ஒரே ஆட்சிப் பகுதி. புதுச்சேரியிலிருந்து மங்களூர் வண்டியில் ஏறினால் தமிழ்நாட்டைக் கடந்து, கேரளத்தில் புகுந்து, மாஹே வழியாகப் போகும். சொந்த ஆட்சிப் பகுதியின் இன்னொரு துண்டைப் பார்க்க ஒரு ராத்திரிப் பயணம். இதை அவர் பெருமையாகச் சொல்கிறாரா வருத்தமாகச் சொல்கிறாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ரயில் ஓட்டறவங்க எப்ப ஓட்டுப் போடுவாங்க?

ஓட்டுபவருக்கும் ஓட்டு உண்டு. தேர்தல் நாளில் இன்றியமையாப் பணியில் இருப்பார்கள் என்று தேர்தல் ஆணையம் அறிவிக்கும் துறையினர், 12டி படிவம் கொடுத்து முன்கூட்டியே தபால் வாக்கு அளிக்கலாம். நேரத்துக்குப் படிவம் கொடுக்க மறந்துவிட்டால் வண்டி போன பிறகு டிக்கெட் எடுத்த கதைதான்.

மைசூர் வண்டிக்கு ஏன் 'மை வண்டி'ன்னு பேர் வச்சிருக்கீங்க?

மயிலாடுதுறையோடு நின்றுகொண்டிருந்த மைசூர் எக்ஸ்பிரஸை 2024-ல் கடலூர் துறைமுகம் வரை நீட்டினார்கள். விரலில் வைக்கும் அழியாத மை 1962 தேர்தலிலிருந்து மைசூரில்தான் தயாராகிறது. அந்த ஊருக்கு நம்ம ஊரிலிருந்து நேர் வண்டி கிடைத்ததும் ஒரு தம்பி இந்தப் பெயரை வைத்தான், ஒட்டிக்கொண்டது. மை இந்த வண்டியில்தான் வருகிறது என்று வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஏற்கனவே ஒருவர் சொல்லி மாட்டிக்கொண்டார்.

ஓட்டு எண்ணிக்கை அன்னைக்கும் ஸ்டேஷனுக்கு வருவீங்களா?

அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். காலை 8 மணிக்குத் தபால் வாக்கில் தொடங்கும், சாயங்காலம் நாங்கள் கூடும்போது அநேகமாகத் தெரிந்திருக்கும். முன்னணியில் இருந்துவிட்டுத் தோற்றவரைப் பற்றி "பண்ருட்டி வரைக்கும் ரைட் டைம்" என்பார்கள். அர்த்தம் புரியவில்லையென்றால் கிராசிங் பற்றிச் சொன்ன பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

புயல் அன்னைக்கு வண்டி எப்படி வருதுன்னு வீடியோ எடுக்க வரலாமா?

வரக் கூடாது. சிவப்பு எச்சரிக்கை என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்று அர்த்தம். அன்று பிளாட்பாரத்தில் இருக்க வேண்டியவர்கள் வேலையில் இருப்பவர்கள் மட்டும். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' என்ற புயல் நம் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததை நான் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். எதிர்வீட்டுத் தகரக் கூரை தெருவின் கோடி வரை பறந்து போனது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்து கிடந்தன. அன்றைக்குப் பேச்செல்லாம் போனில்தான், போன் வேலை செய்தால். மழை விட்ட அடுத்த நாள், முதல் வண்டி ஊர்ந்து வரும்போது, எல்லோரும் பெஞ்சில் இருப்போம். நீங்களும் அன்றைக்கு வாருங்கள்.